மறுமொழி: ‘லீஹத்ஸு’வுக்குத் தமிழ்: பிரிநிலைத் தொகையா, பிரிசேர் சொல்லா?

அன்புடையீர்,

சீன இலக்கணக் கையேட்டின் மெய்ப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்; பிரிந்து நடுவே பிற சொல்லை ஏற்கும் சீனச் சொல்வகையான ‘லீஹத்ஸு’வுக்குத் தமிழ்ப்பெயர் ஒன்றுதான் இன்னும் முடிவாகவில்லை. ‘லீ’ பிரிதலையும் ‘ஹ’ கூடுதலையும் குறிப்பதால் ‘பிரிநிலைத் தொகை’ பொருந்தும் என்று ஐயா ஒருவர் தம் மடலில் எழுதியிருந்தார். பிரிநிலை என்றதும் நம் மாணவருக்கு, ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஏகாரமே நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய இடர், ‘எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய’, அதாவது தொகை எதுவும் ஒரே சொல்லாக நடக்கும், என்று தொல்காப்பியம் விதித்திருக்க, நடுவே பிற சொல்லை ஏற்கும் ஒன்றைத் தொகை என்பது எங்ஙனம்?

‘ஜியன்மியன்’ என்பதைப் பாருங்கள். ஜியன் காண்டல், மியன் முகம். இரண்டும் கூடினால் சந்தித்தல். ஆனால் மூன்று முறை சந்தித்ததைச் சொல்லும்போது ‘ஜியன் லெ சான் த்ஸு மியன்’ என்று, வினை நிகழ்ந்து முடிந்ததைக் காட்டும் ‘லெ’யும் ‘மூன்று முறை’யும் நடுவில் வந்து அமர்கின்றன. செயப்படுபொருளின் இடத்தை முகமே பிடித்துக்கொண்டதால் ‘அவரை’ என்று பின்னால் சேர்க்க இயலாது. ‘அவரோடு’ என்று முன்னால் வைக்க வேண்டும்.

பலரும் விரும்பும் ‘பிரிசேர் சொல்’ இதற்குப் பொருந்தும். ‘யோமொ’வுக்குப் பொருந்துமா? நகைச்சுவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சீன எழுத்தாளர் லின் யூதாங் 1924-இல் ஒலிபெயர்த்துத் தந்தது அது; அதன் ஈரசைகளும் தனித்தனியே பொருள் தந்து சேர்ந்தவை அல்ல. அதையும் மக்கள் ‘யோ லெ தா யீ மொ’ என்று பிளந்து, அவரைக் கொஞ்சம் கேலி செய்தான் என்ற பொருளில் வழங்குகிறார்கள். சேராமலே பிரிந்த சொல் இது. மொழியியலாளர் யுவன் ரென் சாவ் இத்தகைய பிளவுக்கு, மின்னூட்டத் துகள்களாகப் பிரிதலைக் குறிக்கும் ‘அயனியாதல்’ என்ற பெயரையே வேதியியலிலிருந்து எடுத்தாண்டார்.

‘தாமரை’யைக் காட்டி, ஒரு சொல்லாகவும் பிரிந்து தொடராகவும் பொருள் தரும் ‘பொதுமொழி’யின் பெயரைச் சொன்னவருக்கு: அது ‘தா, மரை’ என்று பிரிந்தால் பொருளே வேறாகிவிடுகிறது, இங்கே அப்படி இல்லை.

தொடரின் நடுவே பிற சொல் வருவதற்கு நன்னூலார் தந்த ‘இடைப்பிறவரல்’ இருக்க, ‘இடைப்பிறவரற்சொல்’ என்போமே. அவர் தொடருக்குச் சொன்னதைச் சொல்லுக்குள் நீட்டுகிறோம் என்பது உண்மைதான். ஆயினும் நிகழ்வதை அது அப்படியே சொல்கிறது. வகுப்பில் வாய்க்குள் நுழையாது என்று பள்ளியில் கற்பிக்கும் அம்மையார் அஞ்சுகிறார். ‘கவலைப்படு’ என்பதைக் கரும்பலகையில் எழுதி, ‘கவலையே படவில்லை’ என்று அடுத்த வரியில் எழுதினால், ஏகாரம் நுழைந்ததும் பகர ஒற்று மறைவதை மாணவரே கண்டுகொள்வர்.

பெரும்பாலோர் விரும்புவதால் தலைப்பில் ‘பிரிசேர் சொல்’ என்றே போகட்டும். ‘யோமொ’ வரும் பத்தியில் மட்டும் அப்பெயரை நீக்கி ‘இடைப்பிறவரல்’ என்று எழுத வியாழன் மாலைக்குள் இசைவு தர வேண்டுகிறேன்.