பென்சன் முழுக்க ஒக்டோபரில்: மணியிலிருந்து குனூகேஷுக்கு

வீட்டுக் கணக்கை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இறக்குமதி முடிந்தது என்று திரையில் வந்தவுடன் பலர் நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இங்கே திருகோணமலையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

உவர்மலையில் எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், வீட்டுக் கணக்கை வருடக்கணக்காக மைக்ரோசொஃப்ட் மணி என்ற கணக்கு மென்பொருளில் எழுதி வந்தவர். அதன் விற்பனை 2009இல் நின்றது. 2010இல் இலவசமாகக் கொடுத்த சன்செட் என்ற கடைசிப் பதிப்பில்தான் அவர் காலத்தை ஓட்டினார். மடிக்கணினி சாகப் போகிறது என்று தெரிந்ததும், ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் குனூகேஷ் (GnuCash) என்ற இலவசக் கணக்கு மென்பொருளுக்கு மாற்றி எடுத்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதைப் பாரும், வங்கிக்கு நான் கடன்காரனாம்" என்றார். பென்சன் கணக்கின் மீதி பெரிய மறைப் பெறுமானத்தில் நின்றது. மனுசனுக்கு முகமே வாடிவிட்டது.

மணியிலிருந்து வெளியே எடுப்பது கியூஐஎஃப் (QIF) என்ற எழுத்துக் கோப்பு, கணக்குக்கு ஒன்று. அதை நோட்பாடில் திறந்தால் யாரும் வாசிக்கலாம்: ஒரு வரியில் திகதி, ஒரு வரியில் தொகை, ஒரு வரியில் யாருக்கு என்பது. வேறு கணக்குக்குப் போன பணமென்றால் அந்தக் கணக்கின் பெயர் சதுர அடைப்புக்குள் இருக்கும். ஆனால் திகதியில் முதலில் நிற்பது நாளா மாதமா என்று கோப்பில் எங்கும் எழுதியிருக்காது.

மாஸ்டருக்குப் பென்சன் விழுவது 10ஆம் திகதி. அன்றைக்கே எடுத்து, கைக்காசுக் கணக்கில் வரவாக எழுதிவிடுவார். அந்தக் கணக்கில் 12க்கு மேற்பட்ட நாளே இல்லாததால் மென்பொருளால் தானாகப் பிடிக்க முடியவில்லை. அது கேட்டபோது கடையில் மாதம் முதலில் என்று கொடுத்துவிட்டார்கள். வருடம் முழுவதற்குமான பென்சன் ஒக்டோபர் 1இல் இருந்து 12 வரை வரிசையாக உட்கார்ந்திருந்தது! கைக்காசுக் கணக்கிலோ 25, 28 என்று நாட்கள் இருந்தபடியால் அது சரியாகவே வந்தது. இரண்டு பக்கத்துத் திகதியும் பொருந்தாததால், எடுத்த காசு ஒவ்வொன்றும் இரண்டு தரம் பதிவாகிவிட்டது. ஒக்டோபர் 10 மட்டும்தான் தப்பியது. 10/10ஐ எப்படி வாசித்தாலும் ஒன்றுதானே.

இருந்ததைத் திருத்த நான் போகவில்லை. புதிய வெற்றுக் கோப்பு ஒன்றைத் தொடங்கி, எல்லாக் கணக்குகளின் கியூஐஎஃப் கோப்புகளையும் ஒரே தடவையில் ஏற்றி, நாள் முதலில் என்று கொடுத்தேன். ஒன்றாக ஏற்றினால்தான் ஒரு கணக்கில் போனதும் மற்றதில் வந்ததும் ஒரே பதிவாகச் சேரும். பிறகு மாஸ்டர் வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதவாரியாகத் திகதியையும் மீதியையும் வாசிக்க, நான் திரையில் பார்த்தேன். கடைசி மீதியை மட்டும் பார்த்தால் போதாது. திகதி பிசகியிருந்தாலும் கூட்டுத்தொகை சரியாக வரலாம். நாளும் மாதமும் மாறினாலும் வருடம் மாறாது என்பதால் வருடக் கடைசி மீதியும் காட்டிக்கொடுக்காது. மாதவாரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் வங்கி ஓஎஃப்எக்ஸ் (OFX) என்ற வகைக் கணக்குக் கோப்பு தந்தால் அதையே எடுங்கள். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் உண்டு, திகதியும் வருடம், மாதம், நாள் என்றே வரும். பட்ஜெட், மாதாமாதம் கட்டும் பில் நினைவூட்டல்கள் எதுவும் கியூஐஎஃப்பில் வராது. அவற்றை மாஸ்டர் இப்போது தானே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறார், தண்ணீர் பில்லில் தொடங்கி.