ஜார் பிரிஃபார்ம் கேட்டில் வெள்ளை விழுகிறது, நூலும் வருகிறது. அவசரம்!

ஓசூர்_பெட்:
வணக்கம். ஜார் பிரிஃபார்ம் (பிறகு ஊதி ஜார் ஆக்குகிற பெட் பிளாஸ்டிக் குழாய்) ஓட்டுகிறோம். நேற்று நைட் ஷிஃப்டிலிருந்து அடியில் கேட் இடத்தில், அதாவது மெட்டீரியல் மோல்டுக்குள் நுழையும் துளை இருக்கும் இடத்தில், பால் நிறத்தில் வெள்ளை. சிலவற்றில் நூலும் இழுக்கிறது. டெம்பரேச்சர் ஏற்றிப் பார்த்தோம், போகவில்லை. பிரிஃபார்மை வாங்கி ஊதும் ப்ளோயிங் பார்ட்டி லாட்டையே திருப்பிவிட்டார், ஊதும்போது அடி வெடிக்கிறதாம். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ரெசின்_ராஜா:
மெட்டீரியல் காய வைக்கும் ட்ரையர்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 165 டிகிரியில் 5 மணி நேரமாவது காய்ந்ததா? ஈரம் 50 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். நைட் ஷிஃப்டில் ஹாப்பர் காலியாகி, புது மூட்டையைக் கொட்டிய கையோடு ஓட்டியிருப்பார்கள். விசாரியுங்கள்.

கோவை_டூல்ரூம்:
மோல்டில் எத்தனை கேவிட்டி (பிரிஃபார்ம் வார்க்கும் குழி)? நெக் என்ன, கிராம் என்ன? ஊசி போன்ற பின் வந்து அடைக்கும் வால்வ் கேட்டா, கேட்டில் நீளும் வாலைக் கையால் வெட்டுகிற மோல்டா? எல்லா கேவிட்டியிலும் வருகிறதா? ஏற்றியது எந்த டெம்பரேச்சர்? உருக்கும் பேரலா, மெட்டீரியலைக் கேவிட்டிகளுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டா, கேட்டை ஒட்டிய டிப்பா?

சீனியர்_மோல்டர்:
கேட் வெள்ளை பற்றி இங்கே எத்தனையோ முறை எழுதியாயிற்று. தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. மெஷின் வாங்கிப் போட்டால் பெட் ஓட்டத் தெரிந்துவிடும் என்று நினைப்பு. ஹாட் ரன்னர் என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொண்டு வாருங்கள் தம்பி.

ஓசூர்_பெட்:
8 கேவிட்டி, 83 எம்எம் நெக், 60 கிராம். வால்வ் கேட். டிப் 285ல் இருந்தது, 300 வைத்தேன். 3, 7 இரண்டில் மட்டும். ட்ரையர் ஓகே.

கோவை_டூல்ரூம்:
3, 7 மட்டும்தான் என்றால் ட்ரையரை விடுங்கள். ஈரமான மெட்டீரியல் எட்டுக்கும்தான் போகும். டிப்பை முதலில் பழைய 285க்கே இறக்குங்கள்.

பெட் சட்டென்று குளிர்ந்தால் தெளிவாக நிற்கும். 170 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் தங்கினாலும் கிரிஸ்டல் ஆகி வெளுத்துவிடும். பிரிஃபார்மில் கடைசியாக மெட்டீரியல் வந்து சேரும் இடம் கேட். ஒரு பக்கம் 280ஐத் தாண்டிய டிப், சில மில்லிமீட்டர் தள்ளி சில்லர் தண்ணீர் ஓடுகிற கேட் இன்செர்ட். நடுவில் ஒரு சின்ன இன்சுலேட்டர், அவ்வளவுதான். ஜார் பிரிஃபார்ம் தடிமன் வேறு அதிகம், அதனால் சூடு இறங்க நேரமெடுக்கும். இன்செர்ட்டில் தண்ணீர் சரியாக ஓடாத கேவிட்டியில் டிப்பையும் ஏற்றினால் வெள்ளை கூடத்தான் செய்யும்.

டிப் ரொம்பக் குளிர்ந்தாலும் வெள்ளை வரும். டிப்பில் உறைந்த துணுக்கு அடுத்த ஷாட்டில் உள்ளே போய்விடும். அது நடுவில் நிற்காது, ஓட்டத்தோடு இழுபட்டு ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நட்ட நடுவில் மிளகளவு வட்டமாக இருந்தால் குளிர்ச்சி போதவில்லை என்று அர்த்தம்.

நூல் தனிக் கதை. ஹோல்டிங் (நிரம்பியதும் அழுத்திப் பிடிப்பது) முடிந்ததும் வால்வ் பின் முன்னால் வந்து கேட் துளையை அடைக்க வேண்டும். மெட்டீரியல் இளகலாக இருக்கும்போதே அடைத்தால்தான் முகம் வழவழப்பாக வரும். காற்று அழுத்தம் குறைந்தாலோ, பிஸ்டன் சீல் தேய்ந்தாலோ, மூடும் டிலே அதிகமாகி அதற்குள் கேட் இறுகிவிட்டாலோ பின் பாதியில் நின்றுவிடும். மோல்டு திறக்கும்போது பின்னாலிருக்கும் சூடான மெட்டீரியல் நூலாக வரும். ஒரே ஷாட்டின் எட்டு பிரிஃபார்மையும் எடுத்து, கேட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை வெர்னியரில் அளந்து எழுதுங்கள். ஒன்றில் வெள்ளை, மற்றதில் நூல் என்று பிரிந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ரெசின்_ராஜா:
ஈரம் இருந்தால் ஐவி (பெட் மூலக்கூறு நீளத்தைக் காட்டும் அளவு) இறங்கும். ஐவி இறங்கினால் கிரிஸ்டல் சீக்கிரம் கட்டும். அது முதலில் தெரிவது குளிர்ச்சி குறைந்த கேவிட்டியில்தான். நான் சொன்னதும் தப்பில்லை.

கோவை_டூல்ரூம்:
தப்பில்லை. ஆனால் அவருக்கு இன்றைக்கு மோல்டு ஓட வேண்டும்.

மதுரை_ஜார்:
இதற்காகத்தான் வால்வ் கேட்டே வேண்டாம் என்பது. எங்களுடையது வால் வெட்டுகிற மோல்டு. பின் இல்லை, சீல் இல்லை, காற்று இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து நிப்பரில் வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஊதுகுழல்:
அதை ஊதுகிறவனைக் கேளுங்கள் அண்ணே. பிரிஃபார்மை நீட்டும் ஸ்ட்ரெட்ச் ராடு நேராக அந்த இடத்தில்தான் வந்து இறங்குகிறது. வாலை நீளமாக விட்டால் ஜார் மேஜையில் ஆடுகிறது. ஒட்ட வெட்டினால் கீறல் விழுந்து, ஊதியதும் ஊசித் துளை. போன மாதம் ஊறுகாய் பார்ட்டி, அட்டைப்பெட்டி முழுக்க எண்ணெய் என்று போட்டோ அனுப்பினார்.

மதுரை_ஜார்:
நிப்பர் மழுங்கியிருக்கும். இல்லை, ஆறிய பிறகு வெட்டியிருப்பார்கள். சூட்டோடு வெட்டினால் வராது.

ஊதுகுழல்:
சூட்டோடு வெட்டினால் கேட் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் ராடு நடுவில் படாமல் ஜார் அடி ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் காகிதம். பின், சீல், காற்று மிச்சம் என்று மட்டும் கணக்குப் போடாமல் திரும்பி வந்த ஜாரையும் எண்ணுங்கள்.

சீனியர்_மோல்டர்:
இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். வால் வெட்டுகிற மோல்டை 83 நெக்கில் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்ல ஒரு ஆள், அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள்.

மதுரை_ஜார்:
நீங்கள் இந்த இழையில் இதுவரை என்ன உதவி செய்தீர்கள் சார்?

ஓசூர்_பெட்:
கேட் இன்செர்ட் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாளியில் விட்டுப் பார்த்தோம். மற்றதில் தண்ணீர் பாய்கிறது, 3ல் சொட்டுகிறது. உள்ளே முழுக்க போர் தண்ணீர் உப்பு. டீஸ்கேல் செய்து போட்டாயிற்று, டிப் 285. வெள்ளை போய்விட்டது. 7ல் வெள்ளை இல்லை, நூல்தான், நுனியும் நீளம். அதை ஆஃப் செய்துவிட்டு மீதி கேவிட்டிகளில் ஓட்டுகிறோம், ஆர்டர் போக வேண்டும். நன்றி அண்ணா.

கோவை_டூல்ரூம்:
நல்லது. ஆனால் 7ஐ அப்படியே நாள்கணக்கில் விடாதீர்கள். மேனிஃபோல்டில் அந்தக் கிளையில் தேங்கும் பெட் மஞ்சளாகிக் கருகும், கரும்புள்ளி பக்கத்துக் கேவிட்டிகளிலும் எட்டிப் பார்க்கும். மெஷினை நிறுத்தும்போது மூடும் பக்க லைனில் மட்டும் காற்றுக் கொடுத்து, திறக்கும் பக்க ஹோஸைக் கழற்றி விரலை வையுங்கள். காற்று வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வராவிட்டால் பின் கருகிப் பிடித்திருக்கும். சில்லர் டேங்குக்கு மென்னீர் பிளான்ட் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்தது 4 அல்லது 5.

ஊதுகுழல்:
ஓசூர் அண்ணா, 7 என்ன ஆயிற்று? எங்கள் பக்கத்து ஷெட்டிலும் இதே நூல்.

ஊதுகுழல்:
அண்ணா?

ரெசின்_ராஜா:
மோல்டு நின்ற நேரத்தில் ட்ரையர் ஃபில்டரையும் தட்டினார்களா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.