ஆர்03.1-க்கு தமிழ்ல என்ன பேரு?

அண்ணே, ஐசிடி (உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாட்டுப் பட்டியல்) கோடுகளுக்கு தமிழ்ப் பேரு வச்சு நீங்க போட்ட பட்டியல்ல ஐ95 (I95), ஆர்03.1 (R03.1) ரெண்டுக்கும் "குறை இரத்த அழுத்தம்"னே இருக்கு, அது சரிவராதுண்ணே. ஐ95 வியாதி, டாக்டரே ஹைப்போடென்ஷன்னு எழுதியிருக்கணும். ஆர்03.1 வெறும் ரீடிங், அன்னைக்கி மெஷின் கம்மியா காட்டுச்சு, டாக்டரும் பிரஷர் லோவா இருக்கு பாப்போம்னு எழுதிட்டு விட்டுட்டாரு, வியாதி பேரு ஒண்ணுஞ் சொல்லல. ஐசிடில ஆர்03.1-க்கு கீழயே ஐ95 இதுல சேராதுன்னு போட்டிருக்கான், அந்த வரிய தமிழ்ல எப்படி எழுதுவீங்க? "குறை இரத்த அழுத்தம்: இதில் குறை இரத்த அழுத்தம் சேராது"ன்னா?

நான் சிம்மக்கல்ல மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதுன சார்ட்ட படிச்சு நோய்க்கு கோடு போடுற வேலை) கிளாஸ் எடுக்குறேன். புதுசா வர்ற புள்ளைக, நர்சிங் ஃபார்மசி முடிச்சதுக, சார்ட்டுல வைட்டல்ஸ் (பிபி, நாடி மாதிரி அளவுக) கட்டத்துல 86/54ன்னு பாத்ததும் ஐ95.9-ன்னு (வகை சொல்லாத ஹைப்போடென்ஷன்) தட்டிவிட்டுருதுக. 90/60க்கு கீழ போனா லோ பிபின்னு படிச்சது தப்பில்ல, ஆனா நம்பர பாத்து வியாதிய முடிவு பண்றது கோடர் வேலை கெடையாது, டாக்டர் எழுதலைன்னா குவெரி போட்டு கேக்கணும். வைட்டல்ஸ மட்டும் வச்சு ஆர்03.1 கூட போடக்கூடாதுன்னு சொன்னா அதுக்கும் முழிக்குதுக. ஊர்ல எல்லாத்தையும் "லோ பிரஷரு"ன்னே சொல்லிப் பழகிட்டோம்ல.

என் யோசனை: ஐ95 தாழ்வழுத்தம், ஆர்03.1 தாழ் அழுத்தக் காட்டளவு. அப்ப ஐ95.1 எழுநிலைத் தாழ்வழுத்தம், ஐ95.2 மருந்துவழித் தாழ்வழுத்தம், அமெரிக்கப் பதிப்புல மட்டும் இருக்குற ஐ95.3 டயாலிசிஸ் தாழ்வழுத்தம்.

---

> தாழ் அழுத்தக் காட்டளவு

தம்பி, பிரிக்கணும்ங்கிறது நியாயம். ஆனா காட்டளவுன்னா உசிலம்பட்டிப் பக்கம் காட்டை அளந்த கணக்குன்னு நெனைப்பாய்ங்க. ரீடிங்குக்கு "அளவு" போதும். அதோட ஆர்03.1-ஓட இங்கிலீஷ் பேருல இருக்குற நான்ஸ்பெசிஃபிக்ங்கிறத விட்டுட்டீங்களே, உசுரே அதுலதான இருக்கு. "குறிப்பற்ற"ன்னு போட்டா சார்ட்டுல குறிப்பே இல்லன்னு ஆயிரும். "நோய் சுட்டாத தாழ் அழுத்த அளவு"ன்னு வைங்க, நீளந்தான், இருந்துட்டுப் போகுது. பக்கத்துல இருக்குற ஆர்03.0-க்கும் நோய் சுட்டாத உயர் அழுத்த அளவுன்னு ஜோடி சேந்துரும்.

எழுநிலை அருமை. படுக்க வச்சு அளந்துட்டு, எந்திரிச்சு நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் 20ஆவது கீழ் நம்பர் 10ஆவது இறங்குதான்னு பாக்குறதுதான அது, "எழு" கச்சிதமா உக்காருது. நர்ஸ் அந்த ரெண்டு அளவையும் எழுதியிருந்தாலும் டாக்டர் பேரு சொல்லாம ஐ95.1 கெடையாதுன்னு விளக்கத்துல ஒரு வரி சேத்துருங்க.

---

சேத்துர்றேன்ணே. காட்டளவ தூக்கிட்டேன், நோய் சுட்டாத-வே இருக்கட்டும். ஐ95.2-ல மருந்தோட பக்கவிளைவா இருந்தா எந்த மருந்துன்னு டி (T) கோடு ஒண்ணு கூட வரணும், அதையும் விளக்கத்துல எழுதிர்றேன். ஐ95.9-க்கு "வகை குறிக்காத தாழ்வழுத்தம்", ஏன்னா அங்க நோய் உண்டு, வகைதான் டாக்டர் சொல்லல. "சுட்டாத"வ ரெண்டு எடத்துலயும் போட்டா புள்ளைக மறுபடி கொழப்பிக்கும். யாருக்கும் ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, திங்கக்கிழமை புது பேட்ச், பிரிண்ட் போடணும்.