ஆறாம் வகுப்புல இருந்தே கோடிங், ஓவியம், கூத்து: வேணுமா, வேணாமா?

இளம்பிள்ளைத்தறி:
எங்க ஊர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல, வாரத்துக்கு மூணு பீரியட் கோடிங், ஓவியம், கூத்துக்கு ஒதுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. நான் வேணும்னு சொன்னேன். பாதிப் பேர் எதிர்த்தாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

அஸ்தம்பட்டிஅம்மா:
வேணாம் தம்பி. என் பையன் ஏழாவது படிக்கிறான், ரெண்டு இலக்க வகுத்தல்ல இன்னும் முழிக்கிறான். பத்தாவதுல மார்க் வரலேன்னா பாலிடெக்னிக்ல கூட கேட்ட பிரிவு கிடைக்காது. முதல்ல கணக்கு வரட்டும்.

இளம்பிள்ளைத்தறி:
அக்கா, எனக்குக் கணக்கு வந்ததே தறியிலதான். அப்பாவோடது ஜக்கார்டு தறி. சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாள்ல வரைஞ்சு, கட்டத்தை எண்ணி எண்ணி அட்டையில ஓட்டை போடுவாங்க. ஓட்டை இருந்தா இழை மேல வரும், இல்லேன்னா கீழேயே நிக்கும். ஒரு ஓட்டை மாறிப் போச்சுன்னா, அந்த அட்டை திரும்பி வர்ற ஒவ்வொரு தடவையும் பூ அதே இடத்துல கோணும். கோணின இடத்தை விரலால தடவி, தப்பு எந்த அட்டையிலன்னு அப்பா கண்டுபிடிப்பார். கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் சுழியும்தான் தெரியும்னு டீச்சர் சொன்ன அன்னைக்கு எனக்கு அது புதுசாவே தெரியல. ஓவியம், கணக்கு, கோடிங் மூணும் ஒரே அட்டையில இருந்துச்சு.

இப்போ பத்தாவது அறிவியல் புத்தகத்துல கடைசிப் பாடத்துல ஸ்க்ராட்ச் இருக்கு; கட்டளைக் கட்டங்களை அடுக்கி, திரையில ஒரு பூனைப் படத்தை நகர்த்திக் கோடிங் பழகுற மென்பொருள். ஆனா நான் பார்த்த பிள்ளைங்க ஒரு தடவை கூட அந்தப் பூனையைத் திரையில நகர்த்திப் பார்த்ததில்ல. கேள்வி பதிலா மனப்பாடம் பண்றாங்க. எனக்கு வயிறு எரியுது.

ஏற்காட்டுக்காரன்:
பாடம் சேர்க்கிறது சுலபம்ங்க. நடத்த ஆள் எங்க? 2012ல ஓவியம், இசை, தையல், கணினி, உடற்கல்விக்கெல்லாம் தமிழ்நாடு முழுக்க 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தாங்க. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபாய். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா நிரந்தரம் கேட்டு ரோட்டுல உட்கார்ந்தாங்க. எங்க மலையில மழை பிடிச்சா கரண்ட் இருக்காது, டவர் கிடைக்காது. ஆளும் கரண்டும் இல்லாம பீரியட் மட்டும் போட்டா, அந்த நேரத்துல பிள்ளைங்க சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

இளம்பிள்ளைத்தறி:
ஆள் வேணும்ங்கிறதுல மறுபேச்சே இல்ல. ஆனா கூத்துக்குக் கரண்ட் வேணாமே அண்ணா. சேலம் பக்கம் கூத்தும் பொம்மலாட்டமும் கட்டுற வாத்தியார்கள் இன்னும் இருக்காங்க. மதிப்பூதியம் கொடுத்துக் கூப்பிடலாம்.

அஸ்தம்பட்டிஅம்மா:
தம்பி, உங்க வீட்டுல தறி இருந்துச்சு. அப்பா பக்கத்துல உட்கார வெச்சார். எங்க வீட்டுல அவனுக்குப் பாடப் புத்தகத்தை விட்டா எதுவும் இல்ல.

இளம்பிள்ளைத்தறி:
அதனாலதான் அக்கா பள்ளிக்கூடத்துல இருக்கணும்ங்கிறேன்.

அஸ்தம்பட்டிஅம்மா:
கணக்குப் பீரியட்ல கை வைக்காம ஒரு பீரியட்னா எங்க பள்ளிக்கூடத்துலயும் கேட்டுப் பார்க்கிறேன். மூணுக்குச் சம்மதம் இல்ல. பழைய அட்டை ஒண்ணு இருந்தா கொடுங்க, பையனுக்குக் காட்டணும்.