ஐயாவும் அண்டர்டேக்கரும்

2019 ஜூன் 7. பெரியப்பாவின் அறுபதாம் சாந்திக்காகப் பள்ளத்தூர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். பந்தி முடிந்து வளவில் பாய் விரித்தும் எனக்குத் தூக்கம் இல்லை. அன்றைக்கு சவூதியின் ஜெட்டாவில் மல்யுத்த வீரர்களான அண்டர்டேக்கரும் கோல்ட்பெர்க்கும் முதல்முறையாக மோதுகிறார்கள். சின்ன வயதில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு ஆடும்போது அண்டர்டேக்கர் சீட்டு கைக்கு வந்தால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன், விடுவேனா?

நடுநிசி தாண்டியும் முழித்திருந்த ஐயா (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), கைபேசி வெளிச்சத்தைப் பார்த்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அப்போது 85. இளவட்ட வயதில் சிங்கப்பூரில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக இருந்தபோது, ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் மல்யுத்த வீரர் கிங்காங்கின் சண்டை பார்த்தவர்.

"இவுகளுக்கு என்ன வயசு?"

"அண்டர்டேக்கருக்கு 54, கோல்ட்பெர்க்குக்கு 52."

"நம்ம வீட்டு மாப்பிள்ளைக்கு இன்னைக்கு அறுபது. பந்தியில குனிஞ்சு இலை போட முடியல."

கோல்ட்பெர்க் பாய்ந்தார், அண்டர்டேக்கர் விலகினார், தலை நேரே மூலைக் கம்பத்தில். நெற்றியில் ரத்தம். அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. கோல்ட்பெர்க் அண்டர்டேக்கரைத் தலைகீழாகத் தூக்கினார், கை ஓயவே அண்டர்டேக்கர் கழுத்து மடங்குகிற மாதிரி விழுந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள், சரி. ஆனால் விழுவது நிஜம். மெல்லிய மெத்தைக்கு அடியில் இருப்பது பலகைதான்.

ஐயா மட்டும் அசையவில்லை. "தாடைய நெஞ்சோட ஒட்டிக்கிட்டு விழணும் தம்பி. இவன் அசந்துட்டான்."

நம்மூர் மல்யுத்த வீரர் தாரா சிங் 1983இல் ஓய்வு பெற்றபோது அவருக்கும் 54 தான் என்றேன். "அவன் புத்திசாலி" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "இவுகளுக்கு எம்புட்டுக் குடுக்குறாக?" என்று கேட்டார். வட்டிக்கடைக்காரர் அல்லவா!

பணம் மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம். 2022இல் இன்னொரு மல்யுத்த வீரர் ரிக் ஃப்ளேர் 73 வயதில், நெஞ்சில் பேஸ்மேக்கரோடு, நாஷ்வில்லில் கடைசி ஆட்டம் ஆடினார். நடுவில் மயங்கிப் போனதாகப் பிறகு அவரே சொன்னார். கூட ஆடியவர்கள் அவரைத் தாங்கித் தாங்கியே ஆட்டத்தை ஒப்பேற்றினார்கள். அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். 64 வயதில், 2024இல் விடைபெற்ற ஸ்டிங்கை மட்டும் முழுசாகப் பார்க்க முடிந்தது.

மறுநாள் காலை பலகாரத்தின்போது ஐயா கேட்டார்: "அந்த மண்டை அடிபட்டவன் எந்திரிச்சுட்டானா?" தூணில் இடித்து நினைவு தப்பிவிட்டது, ரசிகர்களை ஏமாற்றிவிட்டேன் என்று கோல்ட்பெர்க் எழுதியிருந்ததைச் சொன்னேன். "இனி வரமாட்டான்" என்றார் தீர்மானமாக.

போன வருஷம், 2025 ஜூலையில், அட்லாண்டாவில் 58 வயதில் கோல்ட்பெர்க் மறுபடி இறங்கினார். இதுதான் கடைசி என்றார்கள். ஊருக்குப் போனபோது சொன்னேன். ஐயாவுக்குக் காது மந்தம், இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது.

"தாடைய ஒட்டிக்கிட்டானா?" என்றார்.