சிட்டுக்குருவிக்கு வைக்கும் தீனியை அணிலும் காகமும் காலி செய்கின்றன: வழி சொல்லுங்கள்

தோப்பு வீடு, உச்சிப்புளி

வணக்கம். உச்சிப்புளிக்குத் தெற்கே தென்னந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. சிட்டுக்குருவிகளுக்காக முற்றத்தில் இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் ஒரு பலகைத் தட்டு பொருத்தியிருக்கிறோம். கம்பு, நொய், மிஞ்சிய சோறு எல்லாம் போடுகிறோம். விடியும் நேரத்தில் குருவிகளும் வெண்தொண்டைச் சில்லைகளும் வருகின்றன. வெயில் ஏறுவதற்குள் காகம் வந்துவிடுகிறது, பின்னாலேயே மைனாவும் புறாவும். எல்லாவற்றையும்விட அணில்தான் பெரும்பாடு. தட்டின் நடுவே குந்திக்கொண்டு, ஒவ்வொரு கம்பாக எடுத்து முன்னங்கைகளில் உருட்டி நிதானமாகத் தின்னும். குருவிகள் துணி காயப்போடும் கொடியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

பாரம் ஏறினால் தானே மூடிக்கொள்ளும், அணிலால் தின்ன முடியாது என்று விளம்பரம் செய்த தீனிக்கூண்டு ஒன்றை இணையத்தில் வாங்கினோம். அணில் அதன்மேல் ஏறி ஆடியும் மூடவில்லை. என் மாமியாரோ அணிலை விரட்டவே விடமாட்டார். சேதுச் சீமையில் பிறந்துவிட்டு, அணை கட்ட மணல் சுமந்த பிராணியை விரட்டுவதா என்கிறார். அடிக்காமல், பிடிக்காமல் ஏதாவது வழி உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருங்குளம்

அம்மா, அந்தக் கூண்டில் பழுது எதுவும் இருக்காது. அது வேறு அணிலுக்காகச் செய்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொல்லை தருவது சாம்பல் அணில். ஏறக்குறைய அரைக் கிலோ எடை. நம் ஊர் மூவரி அணில் நூறு கிராம் அளவில்தான் இருக்கும். அதன் பாரத்துக்கு அந்தச் சுருள்வில் அசையாது. திருகாணி இருந்தால் இறுக்கத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் சிட்டுக்குருவி ஒன்று இருபத்தைந்து, முப்பது கிராம் இருக்கும். அவை கூட்டமாக வருகிறவை. நாலு குருவி சேர்ந்து உட்கார்ந்தால் ஓர் அணிலின் எடை வந்துவிடும், கூண்டு அவற்றின் முகத்திலேயே மூடிக்கொள்ளும். ஆகவே எடையை நம்பாதீர்கள், ஏறும் வழியை அடையுங்கள்.

தென்னையில் எலி ஏறாமல் தகரம் சுற்றுகிறோம் அல்லவா, அதே வேலைதான். ஆறங்குல பி.வி.சி. குழாயில் இரண்டடி நீளம் வெட்டி, மேல்வாயை அடைத்து, தட்டுக்குக் கீழே இரும்புக் குழாயைச் சுற்றித் தொங்கும்படி மாட்டுங்கள். அதன் அடிவாய் தரையிலிருந்து நான்கடிக்குக் குறையக் கூடாது. கம்பத்தில் ஏறிவரும் அணில் அந்த வாய்க்குள் புகுந்து, மேலே வழி இல்லாமல் திரும்பிவிடும். குழாய் கிடைக்காவிட்டால் பழைய எவர்சில்வர் பேசினின் நடுவில் துளை போட்டுக் கவிழ்த்து மாட்டலாம். தகரம் வேண்டாம், நம் உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

சிலர் கம்பத்தில் கிரீஸ் தடவச் சொல்வார்கள். அது குருவியின் இறகில் ஒட்டினால் பறக்கவும் முடியாது, உடல் சூட்டைக் காத்துக்கொள்ளவும் முடியாது. செய்யாதீர்கள்.

இன்னொன்று. கொடி என்று எழுதியிருக்கிறீர்களே, அது கம்பத்துக்கு எவ்வளவு தூரம்? கொடி, மதில், தென்னை மட்டை எதுவும் தட்டுக்கு எட்டடி, பத்தடிக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் கீழே எதை மாட்டினாலும் அணில் மேலிருந்து குதித்துவிடும்.

கடலோரக் குடும்பம், தேவிபட்டினம்

அக்கா, காகத்தை வரவழைப்பது சோறுதான். முதலில் அதைத் தட்டிலிருந்து எடுங்கள். காகத்துக்கு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க ஊரெல்லாம் வந்து கூடும் இடத்தில் இருந்துகொண்டு நான் அப்படிச் சொல்வேனா? கொல்லைப்புற மதிலில் தனியாக வையுங்கள். இடம் பழகிவிட்டால் காகம் நேரே அங்கே போய்விடும்.

கம்பும் நொய்யும் புறாவுக்கு விருப்பமானவை. அவற்றைக் குறைத்து, தினையும் சாமையும் போடுங்கள். சில்லைகளுக்கு அந்தச் சிறு மணிதான் வாகு. தை அறுவடையில் கதிரோடு ஒரு கட்டு நெல் வாங்கிக் குஞ்சமாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். குருவி கதிரைப் பற்றிக்கொண்டு கொத்தும். புறாவுக்கும் காகத்துக்கும் நிற்க இடம் கிடையாது.

மண்டபம்

எங்களிடம் பழைய வலை நிறையக் கிடக்கிறது. தட்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் காகம் கிட்ட வராது. அல்லது தங்கூசி நரம்பை, அதாவது தூண்டிலுக்குக் கட்டும் நைலான் இழையை, நாலு பக்கமும் தொங்கவிடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருங்குளம்

தம்பி, வலை மட்டும் வேண்டாம். குருவியின் கால் சிக்கினால் இழுக்க இழுக்க இறுகும். பாம்புகூட மாட்டிக்கொள்ளும். தங்கூசி நரம்பிலும் ஒரு வேடிக்கை உண்டு: அமெரிக்காவில் தீனிமேடையைச் சுற்றி அப்படி நரம்பு தொங்கவிடுவது சிட்டுக்குருவியை விரட்டுவதற்காகவே. 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்ட சிட்டுக்குருவி அங்கே பெருகித் தொல்லையாகிவிட்டது. யாருக்காக இத்தனை பாடோ அதையே துரத்திவிடுவோம்.

சாயல்குடி

தானியத்தில் மிளகாய்த்தூள் கலந்தால் அணில் தொடாது, பறவைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்களே, உண்மையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருங்குளம்

உண்மைதான். மிளகாயின் காரப்பொருளை உணரும் நரம்பமைப்பு பாலூட்டிகளுக்கு இருப்பதுபோல் பறவைக்கு இல்லை. கிளி பழுத்த மிளகாயை முறுக்குத் தின்பதுபோல் தின்னும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் விளைகிற மாவட்டத்தில் தூளுக்கா பஞ்சம்? ஆனால் நம் கரையில் காற்று சும்மா இருப்பதில்லை. தூள் பறந்து குருவியின் கண்ணிலும் விழும், முற்றம் பெருக்குகிறவர் கண்ணிலும் விழும். எனக்கு இந்த வழியில் மனம் ஒப்பவில்லை.

தோப்பு வீடு, உச்சிப்புளி

எல்லோருக்கும் நன்றி. கொடியைப் பின்பக்கம் மாற்றி, பேசினையும் கவிழ்த்து மாட்டிவிட்டோம். அணில் பேசினுக்கு அடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. சோற்றை மதிலுக்கு மாற்றியதும் காகம் குறைந்தது. மைனாவும் கள்ளிப்புறாவும் மட்டும் இன்னும் தட்டுக்கு வருகின்றன. இதற்கிடையில் மாமியார் அணிலுக்கென்று தனியாகத் தேங்காய்ச் சில் வைக்கத் தொடங்கிவிட்டார். அது பரவாயில்லையா?

கடலோரக் குடும்பம், தேவிபட்டினம்

மைனா, புறாவுக்குக் கம்பிவலைக் கூண்டுதான் மருந்து அக்கா. நான்கு சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையில் சிட்டுக்குருவியும் சில்லையும் புகுந்துவிடும், மைனா புகாது. வலைக்கும் தானியத்துக்கும் இடையே ஒரு சாண் விடுங்கள். இல்லாவிட்டால் வெளியே நின்றே கழுத்தை நீட்டி எடுத்துவிடும். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட கம்பியாக வாங்குங்கள். அந்தக் கண்ணில் அணிலும் நுழைந்துவிடும், அதனால் பேசினைக் கழற்றிவிடாதீர்கள்.

கீழே சிந்துவதைப் புறா பொறுக்கட்டும், நல்லதுதான். பொழுது சாய்ந்ததும் தட்டில் மிச்சம் இருந்தால் வழித்து எடுத்துவிடுங்கள். இரவில் தானியம் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

தேங்காய்ச் சில்லைத் தாராளமாக வைக்கட்டும், கம்பத்துக்கு எதிர்ப்பக்கமாக. குருவிக்கூட்டுப் பெட்டி ஏதாவது மாட்டியிருந்தால் மட்டும் அதன் பக்கத்தில் வேண்டாம்; அணில் முட்டையையும் விடாது.