எம்ஜிபி ரோட்ஸ்டர் வாங்கப் பார்க்கிறேன்: நேரில் போனால் எதை முதலில் பார்ப்பது?

வெயில்_ரோட்ஸ்டர்:
வணக்கம். இங்கிலாந்தில் ஒரு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) தேடிக்கொண்டிருக்கிறேன். பட்ஜெட் 9,000 பவுண்ட். வார இறுதிகளில் ஓட்ட வேண்டும், கோடையில் மோட்டார்வேயிலும் தைரியமாகப் போக வேண்டும். சின்னச் சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்வேன், வெல்டிங் தெரியாது. விளம்பரங்களில் எல்லா வண்டிக்கும் "புது சில், புது பெயின்ட், எம்ஓடி தேவையில்லை" என்றுதான் போட்டிருக்கிறார்கள் (சில் என்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாடிப் பகுதி, எம்ஓடி என்பது வருடாந்திரத் தகுதிச் சோதனை). க்ரோம் பம்பர், ஓவர்டிரைவ் (வேகம் குறையாமல் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்), வயர் வீல் (கம்பி ஸ்போக் சக்கரம்) உள்ள 1972 வண்டி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? எதைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டும்?

துரு_வேட்டை:
இன்ஜினைக் கடைசியாகப் பாருங்க. 1798 சிசி பி சீரிஸ் இன்ஜினுக்கு எல்லாப் பாகமும் இன்றும் கிடைக்குது, எப்போ வேணும்னாலும் இறக்கி வேலை பார்க்கலாம். பாடிதான் காசை விழுங்கும். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, மோனோகாக், அதாவது பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. அதனால வண்டியோட முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது இரண்டு பக்கச் சில்லும் நடுவுல நீளமா ஓடுற டனலும்தான். சில் போன ரோட்ஸ்டரை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க. வெல்டிங் தெரியாதவர்னா கண்டிப்பா வேண்டாம்.

வெளியே தெரியிற சில் மேல்தகடு மட்டும்தான். அதுக்கு உள்ளே செங்குத்தா ஒரு மெம்ப்ரேன் தகடு, இன்னும் உள்ளே இன்னர் சில், அடியில காசில் ரெயில்ங்கிற தாங்கு தகடு. முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறு, விங்குக்கு (சக்கரத்தை மூடுற பக்கத் தகடு) உள்ளே மேல் மூலையில படிஞ்சு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அங்கிருந்து துரு கீழே இறங்கிச் சில்லை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே மெம்ப்ரேன் காகிதமாகி இருக்கும்.

"புது சில்"னு சொன்னா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: முன் விங்கைக் கழற்றிச் செய்தீங்களா? வெளிச் சில் கதவுக்குக் கீழே மட்டும் இருக்கிறதில்லை. முன்னால விங்குக்குள்ளேயும், பின்னால பின் விங்குக்கு அடியிலும் போகுது. விங்கைக் கழற்றாம அதை முழுசா மாத்த முடியாது. குறுக்கு வழியில போறவங்க அழுகின சில்லு மேலேயே ஒரு கவர் சில்லை வச்சு வெல்ட் அடிச்சு, அண்டர்சீல் (துரு தடுக்க அடியில பூசுற பூச்சு) பூசி, பெயின்ட் அடிச்சு விடுவாங்க. பார்க்கப் பளபளன்னு இருக்கும், பலம் துளியும் கிடையாது.

கண்டுபிடிக்கக் கீழே படுத்துப் பாருங்க. சில்லோட அடி விளிம்புல தகடுகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நிற்கிற ஓரமும், இடைவெளி விட்டு ஸ்பாட் வெல்ட் அடையாளமும் தெரியணும். அந்த ஓரமே இல்லாம வழவழன்னு வளைஞ்சு போனாலோ, தடியா ஒரே கோடா வெல்ட் ஓடினாலோ சந்தேகப்படுங்க. கார்ப்பெட்டைத் தூக்கி, தரையும் இன்னர் சில்லும் சேர்ற இடத்தை உள்ளிருந்தும் பாருங்க. வேலை நடந்தப்போ எடுத்த போட்டோ இருக்கான்னு கேளுங்க. ஒழுங்கா செஞ்சவங்க கட்டாயம் எடுத்து வச்சிருப்பாங்க.

அடுத்தது கதவு இடைவெளி. மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே அளவா இருக்கணும். விற்கிறவர் சம்மதிச்சா, சில்லில இருக்கிற ஜாக்கிப் பாயின்ட்ல ஒரு பக்கத்தைத் தூக்கிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்க. இடைவெளி கண்ணுக்குத் தெரியிற மாதிரி மாறினாலோ கதவு உரசினாலோ பாடி வளையுதுன்னு அர்த்தம், அதோட கிளம்பிடலாம். அவர் தூக்கவே விடலைன்னா அதுவும் பதில்தான்.

மெல்லிய ஃப்ரிட்ஜ் காந்தம் ஒண்ணைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. விங்கோட அடிப்பகுதி, ஹெட்லைட்டைச் சுற்றி, கதவுக்குப் பின்னால இருக்கிற வளைவு, சில் முனைகள், இங்கெல்லாம் வைங்க. ஒட்டலைன்னா உள்ளே இருக்கிறது ஃபில்லர் (ஓட்டையை அடைக்கிற பசை). பிறகு சீட்டுக்குப் பின்னால இருக்கிற மூடியைத் திறந்து பேட்டரிப் பெட்டிகளைப் பாருங்க. 1972ல ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருந்திருக்கும், இப்ப ஒரே 12 வோல்ட் ஆக்கியிருக்கலாம், அது குறையில்லை. பெட்டியில ஓட்டை இருந்தாதான் குறை. பின் ஸ்பிரிங்கோட முன் முனை பாடியில மாட்டியிருக்கிற இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. டங்குன்னு கேட்கணும், பொத்துன்னு கேட்கக் கூடாது. குவார்ட்டர் லைட்டுக்கு (கதவோட முன் மூலையில இருக்கிற சின்ன முக்கோணக் கண்ணாடி) கீழே கதவுத் தகட்டுல விரிசல் இருக்கும், இது எம்ஜிபியோட பழைய வியாதி. அதுக்காக வண்டியை விட வேண்டாம், விலையில கழிங்க.

ஓவர்டிரைவ்_லீவர்:
பாடி தேறினால் இன்ஜினுக்கு வரலாம். போகிறதுக்கு முன்பே "இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இக்னிஷனைப் போட்டதும் எஸ்யூ ஃபியூவல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். இன்ஜின் ஓடாமலே விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் கார்புரேட்டர் நீடில் வால்வ் கசிகிறது, அல்லது வேறெங்கோ பெட்ரோல் போகிறது.

நன்றாகச் சூடான பிறகு 50 மைல் வேகத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஐட்லிங்கில் 15 முதல் 25 வரை இருந்தால் போதும். கம்ப்ரெஷன் பார்க்க விட்டால், சூடான இன்ஜினில் நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து பாருங்கள். எண்ணைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முக்கியம், 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட்டோ. இந்த ஹெட் நடு எக்ஸாஸ்ட் போர்ட் பக்கம் விரிசல் விடும், வால்வ் சீட்டுக்குக் கடின சீட் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ஹெட் இது. போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் டாங்கில் அடிட்டிவ் ஊற்ற வேண்டும்.

மோட்டார்வே போக வேண்டும் என்பவருக்கு ஓவர்டிரைவ் ஆடம்பரம் இல்லை. டாப் கியரில் 1000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 18 மைல், ஓவர்டிரைவில் சுமார் 22. அதாவது 70 மைலில் 3900க்குப் பதில் 3200. அந்த 1972 வண்டியில் மூன்றாவது, நான்காவது இரண்டு கியரிலும் வேலை செய்ய வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஆர்பிஎம் முள் இறங்குகிறதா, எடுத்ததும் ஏறுகிறதா என்று இரண்டிலும் சோதியுங்கள். வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் சுவிட்ச், வயர் அல்லது கியர்பாக்ஸ் மேலுள்ள இன்ஹிபிட்டர் சுவிட்ச் (மற்ற கியர்களில் ஓவர்டிரைவைத் தடுப்பது)தான். ஆனால் "சின்ன வயர் வேலைதான்" என்று விற்பவர் சொன்னால் அவரே சரிசெய்து காட்டட்டும். யூனிட்டே போயிருந்தால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும்.

வேகமாக ஓட்டி, இரண்டாவது கியருக்கு இறக்கிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் சின்க்ரோ (கியர் உரசாமல் சேர உதவும் வளையம்) தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது பின்னால் "டொக்" என்றால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் யூஜே (யுனிவர்சல் ஜாயின்ட்), டிஃப்பரென்ஷியல் உள்ளே த்ரஸ்ட் வாஷர், வயர் வீல் ஸ்ப்ளைன் (சக்கரம் ஹப்பில் பொருந்தும் பற்கள்) மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். செலவு மூன்றுக்கும் வேறு வேறு.

ஸ்ப்ளைன்:
அந்த மூன்றாவதைப் பிரித்துப் பார்க்கும் வழி: பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கட்டும். அசைந்தால் ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால் இன்னும் தெளிவு. ஹப் பற்களின் உச்சி தட்டையாக இருக்க வேண்டும், கூர்மையாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. அந்த ஹப்பில் புது வீல் மாட்டினால் அதையும் தின்றுவிடும், அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்போக்குகளைப் பென்சிலால் தட்டுங்கள், மந்தமாகக் கேட்பது தளர்ந்தது.

முன் சக்கரத்தில் பார்க்க வேண்டியது கிங்பின், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு. லோயர் ஸ்பிரிங் பேனுக்கு (ஸ்பிரிங் உட்காரும் அடித்தட்டு) அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். கிரீஸ் வைக்காமல் விடுவதுதான் காரணம். 3,000 மைலுக்கு ஒருமுறை வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

வெயில்_ரோட்ஸ்டர்:
மிக்க நன்றி. விற்பவரிடம் போனில் பேசினேன். சில் 2015இல் மாற்றியதாம், போட்டோ இல்லை. கடைசி எம்ஓடி 2019. "40 வருஷம் தாண்டியது, சட்டப்படி தேவையில்லை" என்கிறார். விலை 8,750.

துரு_வேட்டை:
சட்டப்படி அவர் சொல்றது சரி. 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வருஷப் பழைய வண்டிக்கு எம்ஓடி கட்டாயமில்லை. ஆனா தேவையில்லைன்னா எடுக்கக் கூடாதுன்னு இல்லையே. வண்டி நம்பரை அரசுத் தளத்தில போட்டு எம்ஓடி வரலாற்றைப் பாருங்க, இலவசம். 2015க்கு முன்னால சில் துரு பத்தி ஃபெயிலோ அட்வைசரியோ (எச்சரிக்கைக் குறிப்பு) இருந்து, அதுக்கப்புறம் மறைஞ்சிருந்தா ஏதோ ஒரு வேலை நடந்திருக்கு. 2015க்குப் பிறகும் "சில் துரு"ன்னு வந்திருந்தா அந்தக் கதை பொய். மைலேஜ் வரிசையா ஏறுதான்னும் பாருங்க.

பிறகு அவர்கிட்ட சொல்லுங்க: "நான் பணம் கட்டுறேன், பக்கத்து கராஜ்ல ஒரு எம்ஓடி போடலாம்." கட்டணம் 55 பவுண்டைத் தாண்டாது. கராஜ்காரர் சம்மதிச்சா வண்டி லிஃப்ட்ல ஏறும்போது நீங்களும் அடியில நின்னு பார்க்கலாம், அந்தப் பத்து நிமிஷம் தரையில படுத்துப் பார்க்கிற ஒரு மணி நேரத்துக்குச் சமம். மாட்டேன்னு சொன்னா, போட்டோவும் இல்லாத வண்டிக்கு 8,750 கொடுக்க வேண்டாம்.

ஏபிங்டன்_பிரியன்:
காகிதம் பற்றி யாரும் சொல்லவில்லை. 1972 ரோட்ஸ்டரின் சேசிஸ் எண் ஜிஹெச்என்5 என்று தொடங்க வேண்டும். ஜிஹெச்டி5 என்றால் அது பிறப்பில் ஜிடி, அதாவது கூரை வைத்த எம்ஜிபி. பானெட்டுக்கு அடியில் உள்ள தகட்டையும் வி5சி பதிவுக் காகிதத்தையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், இன்ஜின் எண்ணையும் சேர்த்து. வி5சி பதிவுக் காகிதம் மட்டுமே, உரிமைப் பத்திரம் இல்லை. அதனால் பாக்கிக் கடன் இருக்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள். சாலை வரி விலக்கு வேண்டுமானால் வி5சியில் ஹிஸ்டாரிக் என்று மாறியிருக்க வேண்டும்.

இன்னொன்று, க்ரோம் பம்பருக்குப் பின் வந்த ரப்பர் பம்பர் வண்டிகளை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்காதீர்கள். 1974இன் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டத்துக்காக வண்டியைச் சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள், அந்த ஆரம்ப வண்டிகள் வளைவில் சாய்வது உண்மை. 1977 மாடலிலிருந்து முன்னும் பின்னும் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் வந்து அது பெருமளவு சரியானது. ஓவர்டிரைவ் அப்போது ஸ்டாண்டர்ட், நான்காவது கியரில் மட்டும். உங்கள் 9,000க்குச் சந்தேகமான க்ரோம் வண்டியைவிட, போட்டோவோடு சில் மாற்றிய 1978 ரப்பர் பம்பர் எனக்கு மேல். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் புதிதாகச் செய்த பாடி ஷெல்லில் மறுபடி கட்டிய வண்டி, ரசீதோடு கிடைத்தால், பம்பர் எதுவானாலும் யோசிக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் முதல் வாரத்தில் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, இ10ஐ (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) தவிர்த்து, இ5 (5 சதவீதம் வரை) சூப்பர் அன்லெடட் ஊற்றுங்கள். பழைய ரப்பர் விரிந்து கசிவது எக்ஸாஸ்டுக்கு மேலே இருக்கும் கார்புரேட்டர் பக்கத்தில்தான்.